இடது முன்சக்கரம் மட்டும் ஏன் கொதிக்கிறது?

திருப்பூரிலிருந்து குடும்பத்தோடு உதகைக்கு வந்து, மூன்றாம் நாள் கோத்தகிரி வழியாக இறங்கிய ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அரவேனுவைத் தாண்டியபோது காருக்குள் லேசாகத் தீய்ந்த நாற்றம் வந்திருக்கிறது. குஞ்சப்பனை சோதனைச்சாவடி அருகே நிறுத்திப் பார்த்தபோது இடது முன்சக்கரத்தின் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியவில்லை. குடிதண்ணீரைத் தெளித்தால் சுர்ரென்று ஆவியாகியிருக்கிறது. உடன் வந்த மைத்துனர், மலை இறங்கினால் இப்படித்தான் இருக்கும் என்று சொல்ல, அரை மணி நேரம் ஆறவிட்டுப் புறப்பட்டிருக்கிறார்கள். மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறையில் இரண்டு டிஸ்க்கையும் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு) நான்கு பேடையும் (அதைக் கவ்விப் பிடிக்கும் கட்டை) மாற்றச் சொன்னதாகவும், மாற்றாமலே கிளம்பியதாகவும், அன்னூரைத் தாண்டி அவிநாசி வரும்வரை சமதளச் சாலையிலும் அந்த நாற்றம் விட்டுவிட்டு வந்ததாகவும், வண்டி சற்றே இடப்பக்கம் இழுத்ததாகவும் எழுதியிருக்கிறார். ஏழு வருட வண்டி, 68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, பிரேக் ஆயிலை இதுவரை மாற்றியதில்லை. டிஸ்க்கை மாற்றினால் சரியாகிவிடுமா, அடுத்த மாதம் பெற்றோரை அழைத்துக்கொண்டு மறுபடி மலைக்கு வரலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

குன்னூரில் நீண்ட காலமாகக் கார்ப் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் டிஸ்க் இந்தக் கோளாற்றுக்குக் காரணம் அல்ல. அதனால் பாதிக்கப்பட்ட பொருள் அது. அந்த ஒரு சக்கரத்தில் பிரேக் பிடித்த பிறகு முழுவதும் விடுபடாமல் நிற்கிறது. எது விடாமல் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் டிஸ்க்கையும் பேடையும் மட்டும் மாற்றினால், புதிய டிஸ்க்கும் புதிய பேடும் இதே போலக் கருகும். அதைச் சரிசெய்யும்வரை இந்த வண்டியில் மலையேற வேண்டாம்.

இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு உங்கள் கடிதத்திலேயே மூன்று தடயங்கள் இருக்கின்றன. ஒரே ஒரு சக்கரம் மட்டும் சூடானது முதல் தடயம். பிரேக்கைத் தொடத் தேவையே இல்லாத சமதளத்திலும் நாற்றம் தொடர்ந்தது இரண்டாவது. சூடான சக்கரம் இருக்கும் பக்கமே வண்டி இழுத்தது மூன்றாவது. உங்கள் மைத்துனர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது என்பதால், மலை இறக்கத்தில் இயல்பாக வரும் சூடு எப்படி இருக்கும் என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன்.

கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 325 மீட்டர் அளவில் இருக்கிறது. ஐந்து பேரும் பெட்டிகளுமாக 1,400 கிலோ எடையுள்ள ஒரு கார் இந்த உயரத்திலிருந்து இறங்கும்போது ஏறத்தாழ இரண்டு கோடி ஜூல் ஆற்றலை எங்காவது செலவழித்தாக வேண்டும். அறுபது லிட்டர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. டயரின் உராய்வும் காற்றின் எதிர்ப்பும் அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். மிச்சம் முழுவதும் பிரேக்கின் தலையில்தான் விழும். முன்பக்கம் எடை சாய்வதால் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ முன்சக்கரங்களின் டிஸ்க்குகளே வாங்கிக்கொள்கின்றன. ஆகவே உயர்ந்த கியரில் வைத்துக்கொண்டு, முப்பது கிலோமீட்டருக்கும் பிரேக்கின் மேலேயே காலை வைத்து இறங்கினால், எந்தப் பழுதும் இல்லாத புதிய காரிலும் முன்சக்கரங்கள் கொதிக்கும், நாற்றமும் வரும். ஆனால் அப்போது இடதும் வலதும் ஏறத்தாழ ஒரே அளவில் கொதிக்கும். சமதளத்துக்கு வந்து பத்துப் பதினைந்து நிமிடம் ஓடினால், காற்றுப் பட்டு இரண்டும் தணிந்துவிடும். உங்கள் வண்டியில் இந்த இரண்டுமே நடக்கவில்லை.

சமதளத்தில் ஒரு சக்கரம் இவ்வளவு சூடாவதற்குப் பெரிய பிடிப்பு எதுவும் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பத்துக் கிலோ எடைக்குச் சமமான ஓர் இழுப்பு ஒரு சக்கரத்தில் இருந்தால் ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது. எஞ்சின் அதை இழுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சிறு இழுப்பு 1,600 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. வீட்டில் துணி தேய்க்கும் ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்றரையை அந்தச் சக்கரத்துக்குள் வைத்து, அணைக்காமல் அவிநாசி வரை ஓட்டிவந்ததற்கு இது சமம். இந்தப் பழுது உங்கள் வண்டியில் திருப்பூரிலேயே இருந்திருக்க வேண்டும். ஊருக்குள் நின்று நின்று ஓடியதில் வெளியே தெரியாமல் இருந்தது, மலை அதை வெளிக்கொண்டு வந்தது.

அடுத்ததாக நாற்றத்தைப் பற்றி. தீய்ந்த நாற்றம் என்று எல்லோரும் ஒரே சொல்லில் சொல்கிறார்கள், ஆனால் ஒவ்வொன்றும் வேறு. பிரேக் பேட் கருகினால் மூக்கைக் குத்துகிற, காரமான, முடி பொசுங்கினாற்போன்ற நாற்றம் வரும். பேடில் உள்ள பொடிகளைப் பிடித்துவைத்திருக்கும் பிசின் வேகும்போது எழுவது அது. கிளட்ச் நாற்றமும் கிட்டத்தட்ட இதே போலத்தான் இருக்கும் என்பதால் பலர் ஏமாறுகிறார்கள். ஆனால் கிளட்ச் தேய்வது பெரும்பாலும் ஏற்றத்தில்: கோடை விடுமுறை நெரிசலில் பர்லியாருக்கும் குன்னூருக்கும் இடையே வரிசையாக வண்டிகள் நிற்கும்போது, ஹேண்ட் பிரேக்கைப் பயன்படுத்தாமல் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறவர்களுக்கு வரும். அப்போது சக்கரங்கள் நான்கும் சாதாரணச் சூட்டில் இருக்கும், நாற்றம் பானட் பக்கமிருந்து வரும். டயர் உள்பக்க மட்கார்டில் உரசினாலோ காற்றுக் குறைந்து ஓடினாலோ ரப்பர் நாற்றம் வரும், சூடு ரிம்மில் இல்லாமல் டயரின் பக்கச் சுவரில் இருக்கும். ஆக்சிலின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்துச் சூடான சைலன்சர் குழாயில் பட்டால் எண்ணெய் காந்தும் நாற்றமும் வெண்புகையும் வரும். சாலையில் கிடக்கும் பிளாஸ்டிக் பை சைலன்சரில் ஒட்டிக்கொண்டு கருகுவதைப் பிரேக் கோளாறு என்று பயந்து கொண்டுவந்தவர்களும் உண்டு. மின்கம்பி கருகும் நாற்றம் என்று தோன்றினால் மட்டும் வேறெதையும் ஆராயாமல் உடனே நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு, எல்லோரையும் இறக்கிவிட வேண்டும். புதிதாகப் பேட் மாற்றிய முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டரில் வரும் லேசான நாற்றத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை.

சூட்டைச் சோதிக்கும்போது சக்கரத்தைத் தொட வேண்டாம். புறங்கையை ரிம்மிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடித்தாலே போதும். நான்கு சக்கரத்துக்கும் அப்படிப் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். இப்போது பல பட்டறைகளில் தூரத்திலிருந்தே சூட்டைக் காட்டும் துப்பாக்கி போன்ற கருவி இருக்கிறது. அதைப் பளபளக்கும் டிஸ்க்கின் முகத்தில் பிடித்தால் உண்மையான சூட்டைவிடக் குறைத்துக் காட்டும். பேட் படாமல் துரு ஏறியிருக்கும் ஓரத்திலோ, பேடுகளைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வ வைக்கும் காலிப்பரின் உடம்பிலோ பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சூடு எங்கே குவிந்திருக்கிறது என்பதும் முக்கியம். டிஸ்க் அவ்வளவாகச் சூடாகாமல் சக்கரத்தின் நடுப்பகுதி மட்டும் கொதித்து, ஓடும்போது ஹூம் என்ற இரைச்சல் வேகத்துக்கு ஏற்பக் கூடி, ஒரு பக்கம் வளைக்கும்போது அதிகமாகி மறுபக்கம் வளைக்கும்போது குறைந்தால், அது வீல் பேரிங். உங்கள் கடிதத்தில் இரைச்சல் பற்றி எதுவும் இல்லை, ஆகவே பேரிங் முதல் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் இத்தனை சூட்டுக்குப் பிறகு அந்தப் பேரிங்கின் கிரீஸ் உருகியிருக்கலாம் என்பதால் அதையும் ஆட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

இனி பிரேக் ஏன் விடாமல் நிற்கிறது என்ற விஷயத்துக்கு வருகிறேன். பெடலை மிதித்தால் ஆயில் அழுத்தம் காலிப்பரில் உள்ள பிஸ்டனை வெளியே தள்ளும், பேட் டிஸ்க்கைக் கவ்வும் என்பது எல்லோருக்கும் தெரியும். காலை எடுத்த பிறகு பிஸ்டன் எதனால் திரும்புகிறது என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனைத் திருப்பி இழுக்க ஸ்பிரிங் எதுவும் இல்லை. பிஸ்டனைச் சுற்றிச் சதுர விளிம்புள்ள ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. பிஸ்டன் வெளியே நகரும்போது அந்த வளையம் அதோடு ஒட்டிக்கொண்டு சற்றே முறுக்கிக்கொள்கிறது. அழுத்தம் நீங்கியதும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் ஒரு மயிரிழை அளவு உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த மயிரிழைதான் பேடுக்கும் டிஸ்க்குக்கும் உள்ள முழு இடைவெளி. பிஸ்டனில் கொஞ்சம் துரு ஏறினாலும், காலிப்பர் நகரும் பின்களில் கிரீஸ் காய்ந்தாலும், ஆயில் திரும்பும் வழி அடைத்துக்கொண்டாலும், அவ்வளவு மெல்லிய விசையால் பிஸ்டனைத் திருப்ப முடியாமல் போகிறது.

காரணங்கள் மூன்று இடங்களில் இருக்கலாம்: காலிப்பரில், அதற்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸில், அல்லது பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரில். இவற்றைப் பிரித்தறியும் சோதனை கால் மணி நேர வேலை. அதைச் செய்யாமல் பொருள் மாற்றச் சொல்லும் எந்தப் பட்டறையையும் நான் நம்ப மாட்டேன். சமதளத்தில் பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, வண்டியை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டும் கொடுத்து, நியூட்ரலில் வைத்துக்கொள்ள வேண்டும். பெடலை மூன்று முறை அழுத்தி மிதித்துவிட்டு, காலை எடுத்த உடனே இடது சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். லேசான சரசரப்பு இருப்பது இயல்பு. வலது சக்கரத்தோடு ஒப்பிட்டால் எது அளவுக்கு மீறியது என்று கைக்கே புரியும். சக்கரம் இறுகி நிற்கும்போது, இரும்புக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேரும் மேல் இணைப்பை முதலில் சற்றே தளர்த்த வேண்டும். அங்கேயே சக்கரம் விட்டுவிட்டால் பழுது அதற்கு மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம் இருக்கிறது. விடவில்லை என்றால் அந்த இணைப்பை இறுக்கிவிட்டு, காலிப்பரில் உள்ள நிப்பிளை, அதாவது ஆயிலை வெளியே விடும் சிறு திருகை, அரைச் சுற்றுத் திறக்க வேண்டும். ஆயில் பீய்ச்சியடித்துச் சக்கரம் விட்டால் பழுது ஹோஸில். நிப்பிளைத் திறந்த பிறகும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால் பழுது காலிப்பரிலேயே. இந்த வரிசையை மாற்றக் கூடாது. நிப்பிளை முதலில் திறந்துவிட்டால் அழுத்தம் போய்விடும், ஹோஸா மாஸ்டரா என்று பிறகு சொல்ல முடியாது. ஆயில் வண்டியின் பெயின்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். சோதனை முடிந்ததும் ஏர் எடுக்காமல் (குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றாமல்) வண்டியை நகர்த்தக் கூடாது.

ஹோஸை நான் தனியாகச் சொல்வதற்கு என் சொந்தத் தவறு ஒன்று காரணம். பல வருடங்களுக்கு முன் வெலிங்டன் பக்கமிருந்து ஒரு பழைய பெட்ரோல் கார் இதே புகாரோடு வந்தது. பிஸ்டனில் துரு இருப்பதைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன். காலிப்பரின் ரப்பர்கள் அடங்கிய கிட்டை மாற்றி, பேட் போட்டு அனுப்பினேன். பத்து நாளில் அதே சக்கரத்தில் அதே நாற்றத்தோடு திரும்பி வந்தது. காலிப்பரையே மாற்றினேன். மறுபடியும் வந்தது. மூன்றாம் முறை, தூக்கி நிறுத்திய சக்கரம் அசையாமல் இருந்தபோதுதான் நிப்பிளைத் திறந்து பார்க்கத் தோன்றியது. ஆயில் என் முழங்கை வரை பீய்ச்சியடித்தது, சக்கரம் தானாகத் தளர்ந்தது. கழற்றிய ஹோஸைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். வெளியே ஒரு வெடிப்பும் இல்லை, கறுப்பாக, புதிது போல இருந்தது. உள்ளே துளை ஊதிக் குறுகி, கிழிந்த ரப்பர் சிறு நாக்கைப் போல வழியின் குறுக்கே தொங்கிக்கொண்டிருந்தது. பெடலை மிதிக்கும் பெரிய அழுத்தத்தில் அந்த நாக்கு விலகி ஆயிலை உள்ளே விடும். திரும்பி வரும் ஆயிலுக்கு அதைத் தள்ளும் பலம் இல்லை, ஆகவே கதவு போல மூடிக்கொள்ளும். அந்தக் குடும்பம் இரண்டு முறை கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த ஹோஸ் துண்டு இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வேலை கற்க வரும் பையன்களுக்கு முதல் நாளே எடுத்துக் காட்டுகிறேன்.

காலிப்பரில் பழுது என்றால் பேடைக் கழற்றியதுமே பல விஷயங்கள் தெரிந்துவிடும். ஒரே சக்கரத்தின் இரண்டு பேடுகளில் ஒன்று மட்டும் மிகவும் தேய்ந்திருந்தால், காலிப்பர் பின்களில் நகரவில்லை அல்லது பிஸ்டன் திரும்பவில்லை. பேட் சாய்வாகத் தேய்ந்திருந்தால் இரண்டு பின்களில் ஒன்று பிடித்திருக்கிறது. பிஸ்டனின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் உள்ளே தண்ணீரும் மண்ணும் போய்த் துரு ஏறியிருக்கும். நிப்பிளைத் திறந்துவைத்துப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அது வழுக்கிக்கொண்டு போகாமல் முரண்டு பிடித்தால் கிட்டோ முழுக் காலிப்பரோ மாற்ற வேண்டியதுதான். பின்களுக்குப் பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸைத்தான் போட வேண்டும். பேரிங் கிரீஸைத் தடவினால் பின்களின் ரப்பர் ஊதி, மூன்று மாதத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் கார்களில் இந்தப் பின்கள் பிடிப்பதை நான் அதிகம் பார்க்கிறேன். விடுமுறை வீடுகளின் முன் பனியிலும் மழையிலும் நனைந்தபடி நிற்கும் வண்டிகள் எங்கள் பக்கம் ஏராளம்.

மாஸ்டர் சிலிண்டர் பழுது ஒரே சக்கரத்தோடு நிற்பது அரிது. பெரும்பாலான முன்சக்கர இழுவைக் கார்களில் பிரேக் குழாய்கள் குறுக்காகப் பிரிக்கப்பட்டிருக்கும்: இடது முன்சக்கரமும் வலது பின்சக்கரமும் ஒரு வழி, மற்ற இரண்டும் இன்னொரு வழி. ஆகவே இடது முன்னும் வலது பின்னும் சேர்ந்து சூடானால் சந்தேகம் மாஸ்டர் மேல் போக வேண்டும். நான்கும் சேர்ந்து, ஓட ஓட இறுகி, ஆறியதும் விடுகிறது என்றால் மாஸ்டரில் ஆயில் திரும்பும் சிறு துளை அடைத்திருக்கிறது. சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக இடமில்லாமல் அதுவே பிரேக் பிடிக்கிறது. இதற்கு ஒரு கொடிய காரணம் உண்டு. சாலையோரத்தில் பிரேக் ஆயில் குறைந்திருப்பதைப் பார்த்து, கையில் இருந்த எஞ்சின் ஆயிலையோ ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றிவிடுவார்கள். பெட்ரோலிய வகையைச் சேர்ந்த எந்த எண்ணெய் பட்டாலும் பிரேக்கின் ரப்பர்கள் எல்லாம் ஊதிவிடும். பிறகு மாஸ்டர் முதல் கடைசிச் சக்கரம் வரை அத்தனை ரப்பரையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

பின்சக்கரம் சூடானால் விசாரணை வேறு வழியில் போகும். அங்கே பெரும்பாலும் டிரம் பிரேக்கும் ஹேண்ட் பிரேக் கேபிளும் இருக்கின்றன. கேபிளுக்குள் தண்ணீர் புகுந்து துருப்பிடித்தால், லீவரைக் கீழே விட்டாலும், டிரம்மை உள்ளிருந்து பிடிக்கும் ஷூ விடாது. உதகையில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்திய வண்டி காலையில் நகர மறுப்பதும், ஈரத்தில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்வதும் எங்களுக்குப் பழகிப்போன விஷயம். இங்குள்ளவர்கள் இரவில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிடுவார்கள். காலையில் அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போக வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வளைவில் கிடக்கும் அப்படி ஒரு கல் இரவில் இரு சக்கர வாகனத்தில் வருபவரின் உயிருக்கு ஆபத்து.

உங்கள் பிரேக் ஆயிலைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸிலும், டாட் 4 வகை 230 டிகிரியிலும்தான் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவான தண்ணீர் சேர்ந்தாலே அந்தக் கொதிநிலை முறையே 140 டிகிரிக்கும் 155 டிகிரிக்கும் இறங்கிவிடலாம். மலை இறக்கத்தில் டிஸ்க்கின் சூடு இதைவிட மிக அதிகமாகப் போகும். காலிப்பர் வழியாக அந்தச் சூடு ஆயிலை எட்டினால் ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் பஞ்சு போலத் தரைவரை போகும், வண்டி நிற்காது. இன்னொரு வகைத் தோல்வியில் பெடல் கல்லைப் போல உறுதியாக இருக்கும், ஆனாலும் வண்டி நிற்காது. அது அதிகச் சூட்டில் பேட் தன் பிடிமானத்தை இழப்பது. பெடல் தரைக்குப் போனால் ஆயில், பெடல் உறுதியாக இருந்தும் வழுக்கினால் பேட் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ஆயில் உங்கள் வண்டியில் ஏழு ஆண்டாக இருக்கிறது. பிடித்துக்கொண்ட ஒரு சக்கரமும் ஏழு வருட ஆயிலும் ஒன்றாகச் சேர்ந்து நீங்கள் குஞ்சப்பனை வரை இறங்கியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் நாற்றத்தைப் பொருட்படுத்தி நிறுத்தினீர்களே, அது மிகச் சரியான செயல்.

வழியில் அப்படி நிறுத்த நேர்ந்தால் செய்யக் கூடாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. கொதிக்கும் டிஸ்க்கில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றக் கூடாது. வார்ப்பிரும்பு திடீரென்று குளிர்ந்தால் கோணலாகும், வெடிக்கவும் கூடும். சூடான பின்சக்கர டிரம்மில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்து வைக்கக் கூடாது. ஆறும்போது டிரம் சுருங்கி ஷூவைக் கவ்விக்கொள்ளும். கியரில் போட்டு, கல் வைத்து, குழந்தைகளைச் சக்கரத்துக்கு நேராக நிற்க விடாமல் தள்ளி நிறுத்தி, குறைந்தது முக்கால் மணி நேரம் காற்றில் ஆற விடுங்கள். புகை தொடர்ந்து அடர்ந்தாலோ, ஆறிய பிறகும் நியூட்ரலில் வண்டியைத் தள்ள முடியாவிட்டாலோ, அங்கிருந்து ஓட்டிப் போக முயலாமல் இழுவை வண்டியை வரவழைப்பதுதான் சரி.

டிஸ்க் மாற்ற வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு விடை, கழற்றிப் பார்த்த பிறகே சொல்லக் கூடியது. டிஸ்க்கின் முகத்தில் நீலம் பாய்ந்த திட்டுகள், நகத்தில் தட்டுப்படும் மயிரிழை வெடிப்புகள், பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங்கில் அதிர்வு, அல்லது டிஸ்க்கின் மேலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே தேய்ந்திருப்பது, இவற்றில் ஒன்று இருந்தால் முன்பக்க டிஸ்க் இரண்டையும் மாற்றுங்கள். எதுவும் இல்லையென்றால் டிஸ்க்கை விட்டுவிடலாம். ஆனால் பேடுகள் நான்கையும் தயங்காமல் மாற்ற வேண்டும். ஒரு முறை வெந்துபோன பேட் விளிம்பில் சாம்பல் நிறமாகி, நகத்தால் சுரண்டினால் உதிரும், பழைய பிடிமானம் அதற்குத் திரும்பாது. பிடித்திருக்கும் காலிப்பரையோ ஹோஸையோ சரிசெய்யும்போது, வலப்பக்கத்துப் பின்களையும் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போட்டு, ஹோஸ் என்றால் இரண்டு பக்கமும் மாற்றி, பிரேக் ஆயிலை முழுவதும் வடித்துப் புதிது நிரப்பச் சொல்லுங்கள்.

இனி இறங்கும் முறை. எந்த கியரில் ஏறினீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள் என்று எங்கள் பக்கம் பழைய ஓட்டுநர்கள் சொல்வது முற்றிலும் சரி. மேட்டுப்பாளையம் சாலையில் இறங்கும் அரசுப் பேருந்தின் அருகே நின்று கேட்டால் எஞ்சின் முனகுவது கேட்கும். அந்த முனகல்தான் வண்டியைப் பிடித்திருக்கிறது, பிரேக் வளைவுக்கு வளைவு மட்டும் உதவுகிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை பற்சக்கரத் தண்டவாளத்தில் போகும் மலை ரயிலில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக் ஊழியர் நிற்கிறார். எடையைப் பிடித்து நிறுத்தும் வேலையை ஒரே இடத்தில் சுமத்தாமல் பகிர்ந்து கொடுப்பது அங்கேயும் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் காரில் தாழ்ந்த கியரைக் கையால் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். மின்சாரக் காரில் வருகிறவர்கள் உதகையில் பேட்டரியை நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்க வேண்டாம். இறக்கத்தில் மோட்டார் திருப்பி அனுப்பும் மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடம் இல்லாவிட்டால், பிடிக்கும் வேலை முழுவதும் பிரேக்குக்கே வந்துவிடும். நியூட்ரலில் இறங்குவதும் எஞ்சினை அணைத்து இறங்குவதும் டீசல் மிச்சம் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். எஞ்சின் அணைந்தால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு, காலின் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டரின் உதவி நின்றுவிடும், பெடல் கட்டையாகும். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டாலே இக்கால எஞ்சின்கள் எரிபொருளை நிறுத்திவிடுவதால் அதில் மிச்சமும் கிடையாது. பிரேக்கை எப்போதும் தடவிக்கொண்டே இருக்காமல், வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுவதும் விட்டுவிட வேண்டும். விடுகிற அந்த நேரத்தில்தான் டிஸ்க்குக்குக் காற்றுக் கிடைக்கிறது. உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் 36 கொண்டை ஊசி வளைவுச் சாலையில் வெளியூர் வண்டிகளை இறங்க விடாமல் காவல்துறை தடுப்பதற்கு, அங்கே அடிக்கடி நேர்ந்த விபத்துகளே காரணம். அந்தத் தடையைச் சுற்றிப் போக வழி தேடாதீர்கள்.

பெற்றோரை அழைத்து வருவதைப் பற்றிக் கேட்டீர்கள். வேலை முடிந்த மறுநாள், போக்குவரத்து இல்லாத அதிகாலையில், அவிநாசிப் பக்கம் பதினைந்து கிலோமீட்டர் சமதளத்தில் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஓட்டி, கடைசியில் ஆக்சிலரேட்டரை விட்டுத் தானாக வேகம் குறைய விட்டு நிறுத்துங்கள். இறங்கி முன்சக்கரங்கள் இரண்டுக்கும் புறங்கையைக் காட்டிப் பாருங்கள். இடதும் வலதும் ஒரே வெதுவெதுப்பில் இருந்தால், இன்னும் ஒரு வாரம் ஊருக்குள் ஓட்டிவிட்டு அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். அப்போதும் ஒன்றாகவே இருந்தால் தைரியமாக அழைத்து வாருங்கள். இடப்பக்கம் இம்மியளவு அதிகச் சூடு தெரிந்தாலும் மலைப் பயணத்தைத் தள்ளிவைத்து, ஹோஸைச் சோதித்தார்களா என்று அந்தப் பட்டறையில் போய்க் கேளுங்கள்.